பிரசவ லீவும் வேலையும்: ராஜினாமாவில் கையெழுத்துப் போடும் முன்

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. கோவையில் சுமார் 60 பேர் வேலை பார்க்கும் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். 1 வருடம் 4 மாதம் சர்வீஸ், சம்பளம் 34,000 ரூபாய், வருடாந்திர ஒப்பந்த வேலை. இப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். சிசேரியனாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எச்.ஆர். சொன்னது: "மூணு மாசம் சம்பளத்தோட லீவு. அதுக்கு மேல வேணும்னா சம்பளம் கிடையாது. இல்லேன்னா ராஜினாமா குடுத்துட்டு, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி வந்து சேர்ந்துக்கோங்க." ஒப்பந்தமும் விடுப்பின் நடுவிலேயே முடிகிறது. வேலை போய்விடுமா, உடம்பு தேற நேரம் கிடைக்குமா என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒன்று: ராஜினாமாக் கடிதம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஃபார்மாலிட்டிக்கு" என்று சொன்னாலும், "திரும்ப எடுத்துக்குவோம்" என்று சத்தியம் செய்தாலும் வேண்டாம். நான் 22 வருடம் ஒரு நூற்பாலையில் சம்பளப் பிரிவில் இருந்தவள். இப்போது இப்படிப்பட்ட கடிதங்கள் எழுதப் பெண்களுக்கு உதவுகிறேன். நான் பார்த்தவரை, வேலையைவிட்டு நீக்கப்பட்டு உரிமையை இழந்தவர்களைவிட, தாங்களே எழுதிக் கொடுத்து இழந்தவர்கள்தான் அதிகம்.

ஒருமுறை ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் இருந்த பெண் ஒருவர் என்னிடம் வந்தார். எட்டாம் மாதம், கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் கழன்று கிடந்தது. கையில் ஒரு தாள். கம்ப்யூட்டரில் அடித்திருந்தது: "எனது சொந்தக் காரணங்களுக்காக." கீழே அவர் கையெழுத்து. "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டேன். "இல்லக்கா, அவங்க அடிச்சு வெச்சிருந்தாங்க, நான் போட்டேன்" என்றார். அந்த ஒரு வரிதான் பிற்பாடு அவர் கேஸை முடக்கியது. நிறுவனம் நீக்கவில்லை, அவராகவே போனார் என்று ஆகிவிட்டது. வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்று வாதாடலாம், ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணின் தலையில் விழுகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். மகப்பேறு பலன் சட்டம் 1961-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆரம்பத்தில் 12 வாரம்தான். 2017-இல் திருத்தினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துவிட்டதால், இந்த உரிமைகள் இப்போது அதன் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. "பழைய சட்டம் போயிடுச்சு, இப்ப அதெல்லாம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 26 வாரமும் வேலைப் பாதுகாப்பும் அப்படியே தொடர்கின்றன.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் இடத்தில் 60 பேர். எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். உங்களுக்கு 1 வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருக்கிறது. ஆகவே எச்.ஆர். "தருகிறோம்" என்று சொன்ன மூன்று மாதம் சலுகை அல்ல, உங்களுக்குச் சேர வேண்டியதில் பாதி. மொத்தச் சம்பளத்தை வைத்துத் தோராயமாகப் போட்டால், அவர்கள் கையை வைப்பது ஏறக்குறைய 1 லட்சம் ரூபாயில். "இது எங்க கம்பெனி பாலிசி" என்ற பதிலும் செல்லாது. சட்டத்தைவிட அதிகமாகக் கொடுக்கும் பாலிசி செல்லும், குறைவாகக் கொடுப்பது செல்லாது. நீங்களே சம்மதித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும்கூடத்தான்.

26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரம்தான் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். முன்னால் எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவு பின்னால் குறையும். எட்டும் எடுத்தால் குழந்தை பிறந்த பிறகு 18 வாரம் மிஞ்சும். டாக்டர் ஓய்வு சொல்லவில்லை, பஸ் பயணம் தாங்குகிறது என்றால் முன்னால் இரண்டு மூன்று வாரம் மட்டும் எடுத்து, மிச்சத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சிசேரியன் என்றால் கண்டிப்பாக. ஆனால் ரத்த அழுத்தமோ வீக்கமோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். இன்னொன்று: பிரசவத் தேதிக்கு 6 வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில், நீங்கள் கேட்டுக்கொண்டால், நீண்ட நேரம் நிற்க வேண்டிய வேலையோ உடம்பை வருத்தும் வேலையோ தரக்கூடாது. அந்த 6 வாரத்திலும் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தால் இதே பாதுகாப்பு உண்டு. அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. ஏழாம் மாதத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இப்போதே பயன்படும்.

நாள் கணக்கில் ஒரு தகராறு வழக்கமாக வரும்: ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பார்கள். இதற்குப் பழைய தீர்ப்பு இருக்கிறது, அதுவும் நம் பக்கத்து வழக்கு. 1967 டிசம்பரில் ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் குழந்தை பிறந்தது. 12 வாரத்துக்கு 84 நாள் கூலி கேட்டார். எஸ்டேட் 12 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்குத்தான் கொடுத்தது. 12 நாள் கூலிக்கான அந்த வழக்கு கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஏழு நாள்தான், சம்பளமில்லாத ஞாயிறும் அதில் சேரும் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. பி. ஷா வழக்கு என்பார்கள். ஆகவே உங்கள் 26 வாரம் என்பது 182 நாள், ஒரு நாள்கூடக் குறையாமல். அந்தத் தோட்டத் தொழிலாளி 12 நாள் கூலியை விட்டுக் கொடுக்காமல் நின்றதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது.

தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள்? லீவில் போகும் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரி தினச் சம்பளம். புதிய தொகுப்பில் 'ஊதியம்' என்பதன் வரையறை மாறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் மையம். ஆனால் வீட்டு வாடகைப்படி போன்ற மற்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியத்தில் சேர்க்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், சம்பளச் சீட்டை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். அடிப்படையை மிகக் குறைவாகக் காட்டி அதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அங்கே பிடியுங்கள். கர்ப்பச் சான்று கொடுத்ததும் பிரசவத்துக்கு முந்தைய பகுதியை முன்பணமாகத் தர வேண்டும். குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதி. நடைமுறையில் பல நிறுவனங்கள் மாதாமாதம் சம்பளம் போலவே போடுகின்றன. ஒழுங்காக வருகிறதென்றால் அதற்குச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. நிறுவனம் தன் செலவில் பிரசவ மருத்துவ வசதி தரவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் கேட்காவிட்டால் யாரும் எடுத்துத் தருவதில்லை.

இனி ஒப்பந்தம். உங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்று தெரிகிறது. டெல்லியில் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் இருந்த டாக்டர் கபிதா யாதவ் 2017 ஜூன் 1 முதல் விடுப்புக் கேட்டார். அவர் ஒப்பந்தம் ஜூன் 11-இல் முடிகிறது, எனவே 11 நாள்தான் என்றார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. தகுதி வந்துவிட்டால் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் முழு மகப்பேறு பலனும் சேரும் என்றது. உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் 26 வாரப் பணம் உங்களுடையது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பணம் கிடைக்கும் என்பது வேறு, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்பது வேறு. இரண்டாவதை இந்தத் தீர்ப்பு உறுதியாகத் தரவில்லை. உங்கள் பிரிவில் மற்ற எல்லோருக்கும் வழக்கம்போலப் புதுப்பித்து, உங்களுக்கு மட்டும் நிறுத்தினால், அது கர்ப்பத்துக்காகத்தான் என்று வாதாட வழி இருக்கிறது. அதனால் மற்றவர்களுக்கு எந்த மாதம் புதுப்பித்தார்கள் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கினாலோ, நீக்குவதாக நோட்டீஸ் கொடுத்தாலோ அது சட்டவிரோதம். பழைய சட்டத்தில் இது 12-ஆம் பிரிவு. நீங்கள் இல்லாத நேரத்தில் சம்பளத்தையோ வேலை நிபந்தனைகளையோ உங்களுக்குப் பாதகமாக மாற்றுவதும் அப்படியே. கர்ப்பமாக இருக்கும்போது நீக்கினாலும் மகப்பேறு பலனும் மருத்துவ போனஸும் போகாது. கடுமையான ஒழுங்கீனம் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்தால் மட்டும் விதிவிலக்கு. இப்படி எந்த உத்தரவு வந்தாலும் கையில் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். பச்சை உடம்போடு, தூக்கமில்லாமல் இருக்கும்போது 60 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். கணவரிடமோ அண்ணன் தம்பியிடமோ அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடச் சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றி இப்போது. ஊரில் 'பச்சை உடம்பு' என்று சொல்வதை ஆபீஸில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறக்குறைய 6 வாரம் ஆகும். அந்த 6 வாரத்தில் உங்களை வேலைக்கு வைத்துக்கொள்வதே நிறுவனத்துக்குத் தடை. நீங்கள் விரும்பினாலும் கூடாது. "வீட்டிலிருந்து அந்த ஜி.எஸ்.டி. ஃபைலை மட்டும் பார்த்துடுங்க" என்று போன் வந்தால் இதைச் சொல்லுங்கள். அதுபோல, விடுப்புக் காலத்தில் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்தால் உதவித்தொகையை இழக்க நேரும். பகுதிநேரமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அந்த மாதங்களில் நிறுத்திவிடுங்கள்.

சிசேரியனில் வெளித் தையல் காய்ந்துவிட்டால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். அப்படி இல்லை. உள்ளே பல அடுக்குகள் வெட்டித் தைக்கப்பட்டிருக்கின்றன. குடம் தூக்குவது, குனிந்து பெருக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை 6 வாரப் பரிசோதனையில் கேட்டுப் பாருங்கள். பத்திய சாப்பாடு என்று அம்மாக்கள் காயையும் பருப்பையும் தண்ணீரையும்கூட அளந்து கொடுப்பார்கள். பிரசவ மருந்து சாப்பிடுங்கள், அது அவர்கள் பாசம். ஆனால் பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீரும் சத்தும் குறையக் கூடாது.

மனமும் அப்படித்தான். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அது குறையாமல் நீண்டாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போனாலோ, சாகத் தோன்றினாலோ, அது குணப்படுத்தக்கூடிய நோய். உங்கள் குணத்தின் குறை அல்ல. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் "எல்லாப் பொம்பளைங்களும் பெத்துக்கலையா" என்று சொன்னாலும் டாக்டரிடம் போங்கள்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு உதவும். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ குறைமாதப் பிரசவத்தாலோ வந்த உடல்நலக் குறைவுக்கு, 26 வாரத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மருத்துவச் சான்று வேண்டும். சான்றில் வெறும் "ஓய்வு தேவை" என்று எழுதினால் அது சாதாரண மெடிக்கல் லீவாகிவிடும். "பிரசவத்தைத் தொடர்ந்து ஏற்பட்ட" என்ற வார்த்தை இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மனச்சோர்வும் டாக்டர் சான்று தந்தால் இதில் அடங்கும் என்பது என் கருத்து.

என் இரண்டாவது பிரசவம் 2004-இல். அப்போது 12 வாரம். 85-ஆம் நாள் வேலைக்குப் போனேன். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து மறுபடி பிரித்துக் கட்டியிருந்தார்கள். நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போட்டேன். பதினோரு மணிக்குப் பால் கட்டிவிடும். புடவை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பாத்ரூமில் போய்ப் பிழிந்து ஊற்றுவேன். அந்த ஒரு மாதக் கூடுதல் விடுப்பு 1961 முதலே சட்டத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. மற்றவர்களின் தேதியைப் பார்க்கத்தான் அதைப் புரட்டியிருக்கிறேன், எனக்காகப் புரட்டவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திரும்பி வேலைக்குப் போன பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. சம்பளம் பிடிக்கக் கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க விட வேண்டும். உங்கள் நிறுவனத்தில் 60 பேர். காப்பகமே இல்லை என்றால் அதைப் பேச்சுவார்த்தையில் துருப்பாக வையுங்கள். கணக்கு வேலையை வீட்டிலிருந்தும் செய்யலாம். விடுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்து வேலை செய்ய இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. கட்டாயம் இல்லை, ஆனால் கேட்க வழி இருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சுருக்கமாக. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் ஆகிறதென்றால் 26 வாரப் பணத்தை நிறுவனம் தராது, இ.எஸ்.ஐ. கழகமே வங்கியில் போடும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் இ.எஸ்.ஐ.யிலும் சரி, நிறுவனம் தருவதிலும் சரி, 12 வாரம்தான். கருச்சிதைவு என்றால் 6 வாரம் சம்பளத்தோடு. வெட்கப்பட்டுக்கொண்டு இதைக் கேட்காமலே மூன்றாம் நாள் வேலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். தினக்கூலியாக இருந்தாலும் உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. நிறுவனம் என்று ஒன்றுமே இல்லாதவர்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிய வேண்டும். ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு.

உங்களுக்கு வருகிறேன். இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் பேசியது எதுவும் நிற்காது. இவ்வளவு எழுதினால் போதும்:

"எனக்கு ___ தேதியில் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன். ___ முதல் 26 வாரம் மகப்பேறு விடுப்பில் செல்கிறேன். அக்காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய மாட்டேன். மகப்பேறு பலனை எனக்கோ, நான் நியமிக்கும் என் கணவர் ___ அவர்களுக்கோ வழங்கவும். நான் பணியிலிருந்து விலகவில்லை. விடுப்பு முடிந்து ___ அன்று பணிக்குத் திரும்புவேன்."

கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம், சட்டப் பிரிவு எண்ணும் வேண்டாம். உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போடுங்கள், ஏனென்றால் ஆபீஸ் மெயிலை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம். சம்பளச் சீட்டுகள், ஒப்பந்த நகல், வருகைப் பதிவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எச்.ஆர். மறுபடி ராஜினாமாப் பேச்சை எடுத்தால் "மெயில்ல போடுங்க மேடம், வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் அதை மெயிலில் போட மாட்டார்கள்.

அதையும் மீறி நடந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தொழிற்சாலையாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. நீங்கள் வெளியே போக முடியாத நேரத்தில் இது பெரிய உதவி.

ஆஸ்பத்திரிப் பையில் குழந்தைத் துணியோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் பிரசவ வகையும் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, ஒன்றை அன்றைக்கே ஆபீஸுக்கு மெயில் செய்துவிடச் சொல்லுங்கள். 48 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.